கன்னியப்பன் அன்பளிப்பு

"மொதல்ல இத்த உருக்கு. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே அந்தப் பெரியவர் எதையோ என் மேஜை மேல் டக்கென்று வைத்தார். வைத்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், தொடக்கூடாததைத் தொட்டுவிட்ட மாதிரி.

மாங்காய் லாரிகள் புத்தூர் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதம் அது. பாத்திரக்கடை ஓரத்தில் ஒரு ஸ்டூல், ஒரு மெஷின், நான். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாத்திரங்களில் பேர் வெட்டுகிறவள் நான் என்பது இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குத்துவிளக்கின் அடியில்கூட என் கையெழுத்து இருக்கலாம்.

பெரியவர் பேர் ஏழுமலை. நகரிக்காரர், எண்பதைத் தாண்டியவர். கூட வந்தது மகள் சரோஜா. வீட்டிலேயே இரண்டு பவர்லூம் ஓட்டுகிறவள். அவள் பெண் பவித்ராவுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். பழைய பித்தளையைப் போட்டுவிட்டுப் புதுசு எடுக்க ஒரு கோணி நிறையப் பாத்திரத்தோடு வந்திருந்தார்கள்.

மேஜை மேல் இருந்தது பித்தளை இல்லை. வெள்ளியும் இல்லை. பழைய வெள்ளி ரூபாயைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், மேலே ஒரு பட்டைக் கம்பி. இரண்டு பக்கமும் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. ஒரு பக்கம் ஒரு தலை இருந்திருக்கலாம், இன்னொரு பக்கம் ஏதோ மிருகம். விளிம்பில் மட்டும் எழுத்து.

"இத்த உருக்கி என்னா வரும் நைனா? தூக்கிக் கடாசு" என்றாள் சரோஜா.

"உருக்கணும். என் கண்ணு முன்னாடி உருக்கணும்."

எனக்கு அந்த விளிம்பு எழுத்திலேயே கண் ஒட்டிக்கொண்டுவிட்டது. அடுத்தவர் வெட்டிய எழுத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான். கல்யாண வீட்டில் சாப்பாட்டைவிட, தண்ணீர் சொம்பில் எவன் இப்படிக் கோணலாக வெட்டினான் என்பதுதான் என் கவலையாக இருக்கும்.

குடுத்தவன் பேர்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் பேர் இருந்தால் அது குடுத்தவன் பேர். வாங்கினவன் பேர் இல்லை.

மாமன் குடம் கொடுத்தால் மாமன் பேர். அத்தை அண்டா கொடுத்தால் அத்தை பேர், கீழே 'அன்பளிப்பு'. சீர்வரிசையை மண்டபத்தில் பரப்பி வைத்ததும் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று குனிந்து பார்ப்பார்கள். மணப்பெண்ணைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்தோம். யார் என்ன கொடுத்தான் என்று படிக்கிறார்கள்.

சத்தியவேட்டிலிருந்து வந்த ஓர் அண்ணன் தம்பி, ஒரே விளக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்துவிட்டு, யார் பேர் மேலே என்று என் எதிரிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வட்டமாக வெட்டிக் கொடுத்தேன். எது மேல், எது கீழ் என்று அவர்களே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆக, ஒரு பொருளில் பேரைப் பார்த்தால் 'யார் கொடுத்தது' என்றுதான் எங்கள் புத்தி போகும். நானும் அப்படித்தான் போனேன். கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

டாலரின் கதை

"யார் கொடுத்த டாலர் பெரியவரே இது? இவ்வளவு கோவம்?" என்று கேட்டேன்.

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். சரோஜாதான் சொன்னாள்.

"எங்க தாத்தா குடுத்தனுப்பிச்சது அக்கா. நைனாவப் பெத்தவரு. நைனா வயித்துல இருக்கறப்ப பட்டாளத்துக்குப் போனவரு, திரும்பி வரல. பர்மாவுல ஓடிப்பூட்டாரு."

கன்னியப்பன் என்பது அவர் பேர். நாராயணவனத்துக்குப் பக்கத்து ஊர். பெரிய யுத்தம் நடந்த காலம். கூடப் போன ஒருவன் திரும்பி வந்து, "காட்டுல நடந்துகினு இருந்தோம், காலையில பாத்தா ஆளக் காணோம்" என்றானாம். ஓடிப்போனான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மனைவி பச்சையம்மாள் கைக்குழந்தையோடு நகரிக்குத் தாய்வீடு வந்துவிட்டாள்.

யுத்தமெல்லாம் முடிந்து சில வருஷம் கழித்து ஒரு சின்ன அட்டைப் பெட்டி வந்ததாம். பழைய ஊருக்கு வந்து, அங்கிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே இந்த வட்டமும் ஒரு இங்கிலீஷ் காகிதமும். படிக்க ஆள் இல்லாத ஆத்திரத்தில் பச்சையம்மாள் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டாள். பிறகு ஒரு வாத்தியார் விளிம்பைப் படித்து, "கன்னியப்பன்னு பேர் வெட்டியிருக்குது" என்றார்.

அவ்வளவுதான். குடுத்தவன் பேர்! ஆள் உயிரோடு இருக்கிறான், சௌக்கியமாக இருக்கிறான், கடையில் ஒரு டாலர் வாங்கிப் பேரும் வெட்டி அனுப்புகிற அளவுக்கு இருக்கிறான். வரத்தான் மனசில்லை. பர்மாக்காரி ஒருத்தியோடு குடித்தனம் என்பதையும் ஊரே சேர்த்துக்கொண்டது.

அப்போதுதான் பெரியவர் வாயைத் திறந்தார்.

"நான் ஸ்கூலுக்குப் போனா பசங்க கேப்பானுங்க. உங்க நைனா இன்னா குடுத்தனுப்பிச்சாருடான்னு. எண்பது வருஷமா கேட்டுக்கினே கீறானுங்க. பேத்தி கல்யாணப் பத்திரிகையில எங்க அப்பன் பேரப் போடலாமான்னு கேட்டாங்க. வாணாம்னுட்டேன். அந்தாளு பேரு எதுக்கு?"

"உங்கம்மா?"

"வைதுகினே செத்துப்போச்சு. ஆனா வெள்ளிக்கெழமையானா பாத்திரத்தோட இத்தயும் போட்டுப் புளியில தேய்க்கும். வையும், தேய்க்கும். கடைசிவரைக்கும் பூவும் பொட்டும் எடுக்கல. புருசன் இருக்கறானே!"

தேய்ந்த முகத்தைத் தடவிப் பார்த்தேன். கோபத்தில் தேய்த்ததா, பிரியத்தில் தேய்த்ததா என்று விரலுக்குத் தெரியவில்லை.

அச்சு மாதிரி எழுத்து

நான் கொஞ்சம் விபூதி எடுத்து விளிம்பில் பூசித் துடைத்தேன். பள்ளத்தில் விபூதி தங்கும், எழுத்து வெள்ளையாக எழும்பும். இது எங்கள் தொழில் வித்தை.

முதலில் ஒரு நம்பர். பிறகு பேர். பிறகு மூன்று இங்கிலீஷ் எழுத்து, புள்ளி வைத்து. எல்லாம் ஒரே உயரம், ஒரே ஆழம். கை வெட்டு இல்லை, மெஷின் வெட்டு. அந்தக் காலத்தில் இப்படி ஒரு மெஷின் வைத்திருந்தான் என்றால் பெரிய கடையாக இருக்க வேண்டும்!

எனக்கு உள்ளுக்குள் பரபரப்பு பிடித்துக்கொண்டது. நம்பர் என்பது கடையின் ஆர்டர் நம்பர். மூன்று எழுத்து கடைக்காரன் முத்திரை. எங்கள் கடைப் பாத்திரத்தின் அடியிலும் அப்படி உண்டு. அந்தக் கடை எந்த ஊர் என்று தெரிந்தால் கன்னியப்பன் எங்கே போய் உட்கார்ந்தார் என்று தெரிந்துவிடும்.

"பெரியவரே, இது எந்த ஊர்ல வெட்டினதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும் உருக்கக் கூடாது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எந்த ஊருன்னு மட்டும் சொல்லு. அந்த ஊருப் பக்கம் திரும்பி நின்னு ஒரு தடவ காறித் துப்பிட்டு, அப்பறம் நானே உருக்கறேன்."

டாலரை என்னிடம் விட்டுவிட்டு அவர்கள் போன பிறகு, அந்த மூன்று எழுத்தில் ரங்கூன் பாத்திரக்கடை என்று போனில் தேடினேன். என்னைப் போன்ற மேதைகளுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. ஒரு மண்ணும் கிடைக்கவில்லை.

சித்தூர் பஸ்

அந்த வாரம் சித்தூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்திருந்தது. கிருஷ்ணய்யா என்ற ஓய்வுபெற்ற சுபேதார், ஏதோ விளையாட்டுப் போட்டிக்காக எட்டு கோப்பைகளில் பேர் வெட்டச் சொல்லியிருந்தார். வழக்கமாகப் பார்சலில் போட்டுவிடுவேன். அந்தத் தடவை, டாலரை ஜாக்கெட் பர்ஸில் வைத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். பட்டாளத்துக்காரருக்கு பர்மாக் கடைகள் தெரிந்திருக்கும் என்று ஒரு கணக்கு.

கார்வேட்டிநகரம் தாண்டியதும் வழியெல்லாம் மாம்பழ வாசனை. பக்கத்து சீட்டில் கையில் மாவுக்கட்டோடு ஒருவர், பஸ் குலுங்கும்போதெல்லாம் "அய்யோ" என்றார். நான் மடியில் எட்டு கோப்பையும் கணகணக்க உட்கார்ந்திருந்தேன்.

சுபேதார் கோப்பைகளை வரிசையாக வைத்துப் படித்தார். முகம் மாறியது. நன்கொடை கொடுத்தவர்கள் பேரைப் பெரிசாக வெட்டியிருந்தேன். ஜெயித்தவன் பேருக்கு இடமே விடவில்லை.

"ஏமிட்டம்மா இதி? கெலிச்சினவாடி பேரு எக்கட?" ஜெயித்தவன் பேர் எங்கே என்று கேட்கிறார்.

"குடுத்தவங்க பேர்தானே சார் போடுவாங்க?"

"அது உங்க சொம்புக்கும்மா. எங்க பட்டாளத்துல வாங்கினவன் பேருதான் போடுவாங்க."

கோப்பையை மறந்தேன். பர்ஸை அவிழ்த்து டாலரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இந்த டாலர்ல இருக்கறது யார் பேர் சார்?" என்றேன்.

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். ஜன்னலருகே போனார். அதைத் திருப்பினார், விளிம்பைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார்.

"எவரிதம்மா இதி? யாருதும்மா? இது டாலர் இல்ல. மெடல். யுத்தத்துல இருந்தவனுக்கு சர்க்கார் குடுத்தது. இது அவன் நம்பர், இது அவன் பேரு. இந்த மூணு எழுத்து அவன் படை. குண்டு விழுற எடத்துல ரோடு போடறவங்க, பாலம் கட்டறவங்க."

"சார், இவர் ஓடிப்போனவர்னு ஊரே சொல்லுது."

"பாரிபோயினவாடிகி மெடல் இவ்வரம்மா!" என்று கத்தினார். ஓடிப்போனவனுக்கு மெடல் கொடுக்க மாட்டார்கள். "வீட்டுக்குத் தபால்ல வந்ததா? அவன் வந்து வாங்காம, பொஞ்சாதி பேருக்கு வந்ததா?"

"ஆமாம்."

அவர் குரல் இறங்கியது. "அப்ப அவன் இல்லம்மா. போயிட்டான். அதனாலதான் வீட்டுக்கு அனுப்பினாங்க."

முப்பது வருஷமாகப் பேர் வெட்டுகிறவள், ஒரு பேர் எதற்காக வெட்டப்பட்டிருக்கிறது என்று யோசிக்காமல் போனேனே என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

எட்டா, மூணா

யுத்தத்தில் இறந்தவர்களின் பேரையெல்லாம் தேடிப் பார்க்க ஓர் இணையதளம் இருக்கிறதாம். சுபேதார் லேப்டாப்பைத் திறந்தார். கன்னியப்பன் என்று அடித்தால் ஒருவர் அல்ல, வரிசையாக வந்தார்கள். அத்தனை கன்னியப்பன்களா செத்துப்போனார்கள் என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பேரு போதாது. நம்பர் சொல்லு" என்றார்.

நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவர் ஒவ்வொருவராகப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரே ஒருவரிடம் நின்றார். படை சரி. எண்ணெல்லாம் சரி. கடைசி எண் மட்டும் இடித்தது. நான் மூணு என்றேன், அங்கே எட்டு.

"ஒரு எண்ணு மாறினாலும் வேற ஆளும்மா" என்றார். மிலிட்டரிக்காரர், விட்டுக்கொடுக்க மாட்டார்.

"பூஜை ரூம் எங்க சார் இருக்கு?"

விபூதி வந்தது. கடைசி எண்ணில் அழுத்திப் பூசி, சேலைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்தேன். மூணு. வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். மூணின் இடது பக்கம் மயிரிழை மாதிரி இரண்டு வளைவு, வெள்ளையாக. புளி தேய்ந்து தேய்ந்து பாதி போன வளைவுகள். எண் வெட்டி வெட்டிப் பழகிய கண் இது, பொய் சொல்லாது.

"எட்டு சார்! எட்டு!"

"தொரிகாடம்மா, தொரிகாடு!" கிடைத்துவிட்டான் என்று சுபேதார் மேஜையைத் தட்டினார். ஒரு கோப்பை உருண்டு கீழே விழுந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

திரையில் நாலே வரி. அவர் படித்துச் சொல்லச் சொல்ல நான் கோப்பை சுற்றி வந்த காகிதத்தின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

நகரியில்

திரும்பும் பஸ் புத்தூரில் நின்றபோது நான் இறங்கவில்லை. நேரே நகரி.

சரோஜா வீட்டில் தறிச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. நான் வாசலில் நின்று கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. உள்ளே போய் சுவிட்சை அணைத்தேன். வீடே திடீரென்று அமைதியாகிவிட்டது. ஏழுமலை தட்டில் கையோடு நிமிர்ந்தார்.

"துன்னுகினு கீறேன், உக்காரு. எந்த ஊரு?"

காகிதத்தைப் பிரித்தேன்.

"பர்மாதான் பெரியவரே. ஆனா ஓடிப்போகல. அங்கேயே செத்துட்டார். நீங்க கைக்குழந்தையா இருக்கறப்பவே. உடம்பு கெடைக்கலயாம். அங்க பெரிய பெரிய கல் தூண் நட்டு, எல்லார் பேரும் வெட்டி வெச்சிருக்காங்க. அதுல உங்கப்பா பேரும் இருக்கு."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இந்த டாலர் அவர் குடுத்தது இல்ல. அவருக்குக் குடுத்தது. இது குடுத்தவன் பேர் இல்ல பெரியவரே, வாங்கினவன் பேர். நாமதான் தப்பாப் படிச்சிட்டோம்."

சரோஜா வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். பெரியவர் சோற்றுக் கையை நீட்டினார். பிறகு சட்டென்று உணர்ந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் மெடலை வாங்கினார்.

"வேற இன்னா போட்டுக்கீது அதுல?"

படித்தேன். "கன்னியப்பன். நாராயணவனம் பக்கத்து ஊர். பச்சையம்மாளின் புருஷன்."

"எங்கம்மா பேரும் அதுல போட்டுக்கீதா?"

"இருக்கு."

"எங்கம்மா பேரு, அங்கயா?"

"ஆமாம் பெரியவரே."

எண்பது வயசு மனிதர், சின்னப்பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தார். "ஓடல சரோஜா, ஓடலியாம். எங்க நைனா ஓடல!"

அந்தாளு, அந்தாளு என்றே பேசிக்கொண்டிருந்தவர் வாயில் முதல் தடவையாக அந்தச் சொல் வந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

கபில தீர்த்தம்

அடுத்த அமாவாசைக்குத் திருப்பதி கபில தீர்த்தத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு யார் தர்ப்பணம் கொடுப்பார்கள்? எண்பது வருஷமாகக் கொடுக்கவில்லை. அருவித் தண்ணீர் காலில் சில்லென்று பட்டது. ஐயர் தகப்பனார் பேர் கேட்டார்.

"கன்னியப்பன்!" என்று ஏழுமலை சொன்ன சத்தத்தில் குளத்தின் அந்தக் கரையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெல்லச் சொன்னால் போதும்" என்றார் ஐயர்.

"எனக்குப் போதாது சாமி."

குடம்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைக்கு வந்தார். சட்டைப் பையில் மெடல் புடைத்துக்கொண்டிருந்தது. இருப்பதிலேயே பெரிய பித்தளைக் குடமாகப் பொறுக்கி என் மேஜை மேல் வைத்தார்.

"பத்திரிகை அடிச்சாச்சு, நைனா பேரு போடாம. அது என் புத்தி. இதுலயாவது போடு."

"என்னன்னு வெட்டட்டும்? சிப்பாய்னு போடவா? நம்பர் போடவா?"

"வாணாம்மா. கன்னியப்பன். கீழ, அன்பளிப்பு."

நான் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டு சிரித்தார்.

"இது குடுத்தவன் பேருதான், எழுது."

எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக ஒன்பது எழுத்து வெட்டியதில்லை என்று சொன்னால் எண்ணிப் பார்த்துச் சண்டைக்கு வருவீர்கள். எத்தனை எழுத்தோ, நிதானம் மட்டும் உண்மை.

கல்யாணத்தில் சீர்வரிசையை மண்டபத்து ஓரம் பரப்பியிருந்தார்கள். பெரிய குடம் நடுவில். வழக்கம்போல் சொந்தக்காரர்கள் குனிந்து குனிந்து படித்துக்கொண்டு வந்தார்கள். நான் வேண்டுமென்றே அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழுமலையும்தான். நலங்குக்குக் கூப்பிட்டும் அவர் போகவில்லை.

பெரியவர் வயசை ஒத்த ஒருவர், நகரிக்காரர், தடியை ஊன்றிக் குடத்தருகே குனிந்தார். கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"யாருடா ஏழுமல இது? கன்னியப்பன்னு போட்டுக்கீது?"

ஏழுமலை எழுந்து நின்றார். எண்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க நைனா. பர்மாலேர்ந்து குடுத்தனுப்பிச்சாரு."